நுரைக்காத பவுடர்

காசிமாயன் பனியன் துண்டுகளை ஓரம் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருபத்தோரு வயதில் திருப்பூருக்கு பஸ் ஏறியவர். எனக்குப் பழக்கமானபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். அனுப்பர்பாளையத்தை ஒட்டி வேலாத்தாள் என்ற அம்மாளுக்குப் பன்னிரண்டு லைன் வீடுகள் இருந்தன. எதிரும் புதிருமாக ஆறு ஆறு வீடுகள், நடுவில் ஒரு துவைக்கிற கல், ஒரு போர்வெல் குழாய். மூன்றாம் வீட்டில் காசிமாயனும் அவர் மனைவி நாகஜோதியும் இருந்தார்கள். எதிர்வரிசையில் ஒன்பதாம் வீடு என்னுடையது. எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் வேலை.

நாகஜோதி குழந்தைத் துணி தைக்கிற கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். தைத்து வந்த பீஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒருமுறை இழுத்துவிட்டு, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய் பட்டிருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். வாயும் கொஞ்சம் நீளம். தப்பாகத் தைத்த டெய்லர் யாரும் அவரிடம் நேராக நின்று பேச மாட்டார்கள். 2006 தீபாவளிக்கு முந்தைய வாரம், ஷிப்மென்ட் அவசரத்தில், மேலே அடுக்கியிருந்த பெட்டியை இறக்க அவரே ஏணியில் ஏறினார். ஏணி சறுக்கியது. மல்லாந்து சிமெண்ட் தரையில் விழுந்தார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். கம்பெனி முதலாளி முதல் வாரம் ஹார்லிக்ஸோடு வந்தார், ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார், அதற்குப் பிறகு வரவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, திரும்பி வருவது சந்தேகம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் இல்லை. பார்த்துக்கொள்ள காசிமாயனை விட்டால் ஆள் இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் எழுந்திருப்பார். நாகஜோதிக்குச் சிறுநீர் போவது தெரியாது. ராத்திரி முழுக்க நனைந்த துணிகளை எடுத்து, உடம்பைத் துடைத்து, புதிதாக விரித்துவிட்டு, ஈரத் துணிகளை ஒரு பக்கெட்டில் அள்ளிக்கொண்டு கல்லுக்கு வருவார். ஒரு பெட்ஷீட், இரண்டு பழைய சேலை, நாலைந்து பனியன் வேஸ்ட் மடிப்புகள். கம்பெனியில் கட்டிங்கில் விழுகிற வேஸ்ட் துணி பஞ்சு மாதிரி ஈரம் இழுக்கும். ஆனால் அதை எடைக்கு விற்பார்கள். சூப்பர்வைசர் கண்ணைக் காட்டினால்தான் கொஞ்சம் கிடைக்கும். அதனால் அதையும் தூக்கிப் போடாமல் துவைத்துத்தான் ஆகவேண்டும்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் தன் சட்டையைக்கூட அவர் துவைத்ததில்லை என்று நாகஜோதி எல்லோரிடமும் சொல்வார். முதல் நாள் அவர் அரைப் பாக்கெட் பவுடரைக் கொட்டிவிட்டார். நுரை பக்கெட்டைத் தாண்டி, கல்லைத் தாண்டி, சாக்கடையில் இறங்கி வேலாத்தாள் வீட்டு வாசல்வரை போயிற்று. பல் தேய்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு அலச ஆரம்பித்தார். ஒரு பக்கெட், இரண்டு, மூன்று. நுரை போகவே இல்லை.

அங்கேதான் சிக்கல். எங்கள் லைனில் நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருமுறை வரும். வேலாத்தாள் கையில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு எட்டுக் குடம். போர்த் தண்ணி உப்பு. வெள்ளைத் துணியை இரண்டு நாள் நனைத்தால் ஒரு மாதிரி பழுப்பு ஏறிவிடும். அதுவும் மாசி பிறந்தால் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். பன்னிரண்டு வீடும் அதற்குள் குளித்து, பாத்திரம் கழுவி, துவைத்தாக வேண்டும்.

“ஏனுங்க தம்பி,” என்று வேலாத்தாள் இரண்டாம் வாரமே வந்து நின்றார். “உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதுங்களா. ஆனா நீங்க ஒருத்தரே ஏழெட்டு பக்கெட்டு ஊத்துனா, மத்த ஊட்டுக்காரங்க என்னைத்தானுங்க கேக்கறாங்க. பாத்துப் பொழங்கோணுமுங்க.”

காசிமாயன் தலையாட்டினார். மறுநாளிலிருந்து மூன்று பக்கெட்டோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். நாகஜோதியின் இடுப்பிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள் எழும்பின. அவை சேர்ந்து தோல் உரிந்து நீர் கசிந்தது. அவருக்கு அது தெரியவில்லை. துடைக்கும்போது காசிமாயன்தான் பார்த்தார்.

“எரியலயா ஜோதி?”

“எனக்கு எங்கிட்டு மாமா எரியுது? நீ பாத்துச் சொன்னாத்தேன் எனக்கே தெரியுது. எம்புட்டுப் பெருசா இருக்கு?”

“சும்மா, லேசாத்தான்.”

“பொய் சொல்லாத. ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

பக்கத்துத் தெரு டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் பார்த்துவிட்டு, விரித்திருந்த துணியைத் தொட்டு, “சோப்பு துணியிலேயே தங்கியிருக்குது. ஈரம் பட்டதும் அது தோலைத் தின்னுது. நல்லா அலசுங்க,” என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நல்லா அலசுங்க என்று சொல்லிவிட்டார். எதை வைத்து அலசுவது?

அன்றிலிருந்து காசிமாயனுக்கு அதுவே வேலையாயிற்று. கடையில் தொங்கிய ஒவ்வொரு பவுடரையும் ஒரு ரூபாய் சாஷே வாங்கி வந்து போட்டுப் பார்த்தார். எல்லாம் நுரைத்தன. பெட்டிக்கடைக்காரர் ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்கும்போது, “இது அதை விட நல்லா நுரைக்குமுங்க,” என்றுதான் சொன்னார். பவுடரைக் குறைத்துப் போட்டால் நுரை குறைந்தது, ஆனால் மூத்திர வாடை போகவில்லை. பார் சோப்புக்கு மாறினார். உப்புத் தண்ணியில் அது திப்பி திப்பியாகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொண்டது. காய்ந்த பிறகு பெட்ஷீட் கஞ்சி போட்ட மாதிரி விறைத்தது. யாரோ சலவைச் சோடா போடச் சொன்னார்கள். அதில் அவர் கையே வெந்து போயிற்று. பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பார்த்தார். பெட்ஷீட்டைச் சுத்தமாக அலச முடிந்தது, ஆனால் கறை அப்படியே இருந்தது. ஏழாம் வீட்டுக்காரர், நுரை மேல் ஒரு பிடி உப்பைத் தூவுங்கள், அடங்கிவிடும் என்றார். தூவினார். அடங்கியது. ஒரே பக்கெட்டில் தண்ணீர் தெளிந்துவிட்டது. சந்தோஷமாக உலர்த்தி எடுத்துக்கொண்டு போனார்.

நாகஜோதி அதைக் கட்டைவிரலால் ஒருமுறை இழுத்தார்.

“ரிஜெக்ட்.”

“நொரையே இல்லயேடி, தண்ணி தெளிஞ்சிருச்சு.”

“நொரை போனா சோப்புப் போச்சுன்னு அர்த்தமா? வழுவழுன்னு கெடக்கு பாரு. திரும்ப அலசு.”

அன்றைக்குப் போரில் தண்ணி நின்றுவிட்டது. குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணியில் இரண்டு குடத்தை எடுத்து அந்தப் பெட்ஷீட்டை அலசினார். மிச்ச நாட்களுக்குக் குடிக்க எங்கள் வீட்டில் ஒரு குடம் வாங்கிக்கொண்டார். கேட்டு வரும்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் கல்லில் உட்கார்ந்து துணியைப் பிழிகிற அந்த மனிதரை நான் தினமும் பார்த்தேன். கம்பெனியில் நிமிஷத்துக்கு இரண்டு பனியன் தைக்கிற கை அது. அதே கை ஒரு பெட்ஷீட்டிலிருந்து சோப்பை வெளியேற்ற முடியாமல் திண்டாடியது. திட்டுகள் ஆறுவதும் வருவதுமாகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் போயிற்று.

காசிமாயன் வேலை பார்த்த கம்பெனி பெரியது. அங்கே துணியைச் சோதிக்கிற லேப் ஒன்று உண்டு. 2007 கார்த்திகையில் ஒருநாள் சூப்பர்வைசர் அவரிடம் நாலு பீஸைக் கொடுத்து லேபில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். லேபைப் பார்த்துக்கொண்டவர் அருண்பாண்டி, சிவகாசிப் பக்கத்து இளைஞர், டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தவர். துணி துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பதற்காக அங்கே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்த மெஷின். காசிமாயன் பீஸைக் கொடுத்துவிட்டு நகரவில்லை. கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னண்ணே பாக்குறீங்க?”

“தம்பி, இதுல சோப்புப் போடலயா?”

“போட்ருக்கே.”

“நொரையே காணோமே.”

அருண்பாண்டி சிரித்தார். “இது நுரைக்காத பவுடர்ண்ணே. துணி வாங்குற பையரே இதைத்தான் போடணும்னு சொல்லி அனுப்புறான், வெளிநாட்டுச் சரக்கு. இந்த மெஷின்ல நுரை வந்தா துணி சரியா அடிபடாது, அலசவும் அலசாது.”

“நொரைக்காம அழுக்குப் போகுமா?”

“நுரைக்கும் அழுக்குக்கும் என்னண்ணே சம்பந்தம்? சனங்க பாத்து வாங்கணும்னு நுரையச் சேக்குறாங்க. அழுக்கை எடுக்குறது வேற.”

காசிமாயன் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அருண்பாண்டி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறார். பிறகு காசிமாயன் வீட்டு விஷயத்தை முழுக்கச் சொன்னார். அதுவரை கம்பெனியில் யாரிடமும் அவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

அருண்பாண்டி அலமாரியைத் திறந்தார். தேதி முடிந்த பவுடர் டின் ஒன்று கிடந்தது. டெஸ்ட்டுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, கொட்டத்தான் வேண்டும். அதை ஒரு பாலித்தீன் பையில் கொட்டிக் கட்டி, வாசல் கேட்டில் வாட்ச்மேன் கேட்டால் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நான் பல் தேய்க்க வந்தபோது காசிமாயன் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கலங்கியிருந்தது, ஓரத்தில் நாலு குமிழி. அவ்வளவுதான். கசக்கிப் பிழிந்து, ஒரு பக்கெட்டில் அலசினார். இரண்டாவது பக்கெட்டில் தண்ணீர் குழாயில் வந்த மாதிரியே இருந்தது. மூன்றாவது பக்கெட்டை நிரப்பிவிட்டு, அதைப் பயன்படுத்தாமல் அடுத்து நின்ற பெண்ணிடம் கொடுத்தார்.

துணி காய்ந்ததும் நாகஜோதி விரலால் இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“பாஸ்,” என்றார்.

அந்தப் பவுடர் இரண்டு மாதம் வந்தது. திட்டுகள் வறண்டு, பொருக்காகி, உதிர்ந்து, புதுத் தோல் வந்தது. அந்த இரண்டு மாதம் அவர்கள் வீட்டில் ரேடியோ பாடுகிற சத்தம் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள். நாகஜோதி படுத்தபடியே அளவு சொல்ல அவர் வைத்த குழம்பு. உப்பு கூட, ஆனால் நன்றாக இருந்தது.

பை காலியானபோது அருண்பாண்டியிடம் வேறு டின் இல்லை. “கடையில மெஷின் பவுடர்னு விக்கிதுண்ணே. முன்பக்கம் கதவு வைச்ச மெஷினுக்குன்னு கேட்டு வாங்குங்க. இதே மாதிரிதான் இருக்கும், நுரை கம்மி,” என்று சொல்லி அனுப்பினார்.

திருப்பூர் டவுனில் ஒரு பெரிய டிபார்ட்மென்டல் ஸ்டோருக்குப் போனார். அங்கே நின்ற விற்பனைப் பெண் அவர் கேட்டதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “உங்க ஊட்டுல என்ன மெஷினுங்கண்ணா?” என்றாள்.

“மெஷின் இல்லம்மா. கையிதான்.”

“கைல தொவைக்கறதுக்கு இது வேண்டாமுங்கண்ணா. நுரையே வராதுங்க. அப்பறம் திருப்பிக் கொண்டாந்துருவீங்க.”

“நொரை வராததுதான் வேணும்.”

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தாளாம். சாதாரணப் பவுடரைப் போல மூன்று மடங்கு விலை. லைனில் விஷயம் பரவியது. மெஷினே இல்லாமல் மெஷின் பவுடர் வாங்குகிற ஆள் என்று கொஞ்ச நாள் பேச்சு. காசிமாயன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீ குடிப்பதை நிறுத்திக்கொண்டார். அந்தக் காசு பவுடருக்குப் போயிற்று. திட்டுகள் திரும்ப வரவில்லை. ஒருவழியாகக் கரை ஏறிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார்.

2008 ஆனி மாதம் ஒருநாள், நாகஜோதியைப் புரட்டித் துடைக்கும்போது வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் கருத்திருப்பதைப் பார்த்தார். சோப்புத் திட்டு சிவப்பாக இருக்கும், இது அப்படி இல்லை. அன்றைக்கே பெட்ஷீட்டை மறுபடி இரண்டு தடவை அலசினார். நல்ல தண்ணியிலேயே அலசினார். பவுடரைப் பாதியாகக் குறைத்தார். பத்து நாளில் அந்தக் கருப்பு உடைந்து குழியானது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அனுசுயா என்ற நர்ஸ் வந்து பார்த்தார். வேலாத்தாள்தான் சொல்லி வரவழைத்தார். அனுசுயா கையுறை போட்டுக்கொண்டு குழியைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். காசிமாயன் அவசர அவசரமாகப் பவுடர் பாக்கெட்டை எடுத்து வந்து காட்டினார்.

“சிஸ்டர், இதுதான் போடுறேன். இதுல தங்காது. அலசி அலசித்தான் போடுறேன். வேற ஏதாச்சும் பவுடர் இருந்தா சொல்லுங்க, எங்கிட்டு இருந்தாலும் வாங்கியாந்துர்றேன்.”

அனுசுயா பாக்கெட்டை வாங்கவில்லை. “இது சோப்பால வந்ததில்லீங்க. துணியெல்லாம் சுத்தமாத்தான் இருக்குது. ஒரே பக்கமாப் படுத்தே கெடக்கறாங்க. உடம்போட பாரம் அந்த எடத்துலயே அமுந்தி, ரத்தம் ஓட்டமில்லாம சதை செத்துப்போகுதுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க வெக்கோணும். பகல்லயும்தான்.”

“பகல்லயா?”

“ஆமாங்க. பகல்ல ஊட்டுல யாரு இருக்கறீங்க?”

காசிமாயன் நாகஜோதியைத் திரும்பிப் பார்த்தார். பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். நாகஜோதிதான் சொன்னார்: “யாரும் இல்ல சிஸ்டர். காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தேன் வருவாரு.”

வாசலில் நின்றிருந்த எனக்கும் அது கேட்டது. எங்கள் லைனே அப்படித்தான். எட்டு இருபதுக்கெல்லாம் பதினோரு வீட்டுக் கதவும் பூட்டியிருக்கும். மூன்றாம் வீட்டுக் கதவை மட்டும் காசிமாயன் வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவார். உள்ளே கை எட்டுகிற தூரத்தில் ஒரு தண்ணீர்ச் செம்பும் ஒரு தூக்குச் சோறும் இருக்கும். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் நாகஜோதி ஒரே கிடையாகக் கிடந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாதது அல்ல. அதனால் கேடு வரும் என்றுதான் தெரியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு காசிமாயன் செய்யாதது இல்லை. கம்பெனியில் மதியம் வீட்டுக்குப் போய்வர ஒரு மணி நேரம் கேட்டார். சைக்கிளில் போய்த் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். சூப்பர்வைசர், “ஒருத்தர் எந்திரிச்சா அந்த லைனே நின்னுபோகுமுங்க காசி. உங்குளுக்கே தெரியும்,” என்றார். அதுவும் உண்மை. வேலாத்தாள் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் தான் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். அவருக்கே மூட்டுவலி. முதல் நாள் நாகஜோதியைப் புரட்டப் போய் இரண்டு பேரும் கட்டிலில் சரிந்துவிட்டார்கள். “எஞ்சாமி, உன்னைய ஒருச்சாய்க்கறதுக்குக் கூட எனக்குச் சத்தில்லையே கண்ணு,” என்று அந்த அம்மாள் அழுதார். ஆனாலும் வந்தார். சில நாள் வந்தார், சில நாள் வலியால் வர முடியவில்லை.

ஒரு டிரஸ்ட்டில் சொல்லி அனுசுயா காற்று மெத்தை ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒரு சின்ன மோட்டார் அதில் காற்றை மாற்றி மாற்றி நிரப்பும். அந்த வருடம்தான் கரண்ட் போகத் தொடங்கியது. காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம், சொல்லாமல் கொள்ளாமல் வேறு. மோட்டார் நின்றால் மெத்தை தட்டையாகிவிடும். அதன் ரப்பர் வேறு வியர்வையில் ஒட்டியது. குழி இன்னும் ஆழமாகிற்று.

ஐப்பசியில் காசிமாயன் வேலையை விட்டார். அப்போது வெளிநாட்டில் ஏதோ பேங்க் விழுந்துவிட்டது என்று ஆர்டர் குறைந்திருந்தது. போகிறேன் என்றவரை யாரும் நிறுத்தவில்லை. வீட்டில் இருந்தபடியே பீஸ்களுக்குப் பிசிர் நூல் வெட்டுகிற வேலையை எடுத்தார். நாகஜோதி ஒருக்களித்துப் படுத்தபடி தானும் ஒரு கத்தரியை வாங்கிக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் எழுந்து திருப்பிப் போடுவார். குழி கொஞ்சம் சுருங்கியது. ஆனால் மார்கழியில் பிசிர் வெட்டவும் பீஸ் வரவில்லை. நாலு நாள் வரும், பத்து நாள் வராது. கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டினார்கள். பவுடரும் வாங்க முடியாமல் வெறும் தண்ணியில் அலசிப் போட்டார். சாப்பாடு சரியில்லாமல் குழி மறுபடி விரிந்தது. காய்ச்சல் வந்தது.

ஒரு காலையில் கல்லில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொன்னார்: “வேலைக்குப் போனா அவ உடம்பு புண்ணாவுது. போகலன்னா வயிறு காயுது. நான் இதுல எதத் தம்பி செய்யட்டும்?” அன்று என் வீட்டிலிருந்து ஒரு தூக்கு இட்லி கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் நாகஜோதியின் அக்கா கருத்தம்மா ஊரிலிருந்து வந்தார். தங்கச்சியைப் பார்க்கப் பலகாரத்தோடு வந்தவர், சேலையை விலக்கிப் புண்ணைப் பார்த்ததும் தங்கச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். காசிமாயனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நான் கூட்டிட்டுப் போறேன் கொழுந்தனாரே. எங்க வீட்ல ரெண்டு மருமகளுக இருக்காளுக, நான் இருக்கேன், எங்க வீட்டுக்காரரோட ஆத்தா வேற நாள் பூரா சும்மா குத்த வச்சுக் கெடக்கு. மாத்தி மாத்தித் திருப்பிவிட ஆளுக்குப் பஞ்சமில்ல.”

நாகஜோதி ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் துடைத்துவிடும்போது தானாகவே சொல்லியிருக்கிறார்: “ஒன்னய விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத மாமா. நீ ஒத்த ஆளு. நான் கெடந்தா ரெண்டு பேரும் இங்கயே செத்துப்போவோம். அங்க ஆளு இருக்கு, அதான் போறேன்.”

ஒரு வேனில் பின் சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்டார்கள். நாலு பேர் தூக்கினோம். அவ்வளவு இலேசாக இருந்தார். ஏற்றும்போது என்னைப் பார்த்து, “அயர்ன்காரரே, இவரு ஒழுங்காச் சாப்புடுறாரான்னு பாத்துக்கங்க,” என்றார். வேலாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். காசிமாயன் ஊர்வரை கூடவே போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பங்குனியில் பழைய கம்பெனியிலேயே மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

நாகஜோதி அங்கே தேறினார். சித்திரையில் காய்ச்சல் விட்டது. ஆடிக்குள் குழி சதை பிடித்து ஏறி, ஓரம் சேர்ந்து மூடிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் காசிமாயன் எங்கள் வீட்டு செல்போனில்தான் பேசினார். நான் வெளியே போக எழுந்தேன்; இருங்கள் என்று கையைக் காட்டினார்.

“முழுசா மூடிருச்சா? நெசமாவா?... அக்காகிட்டக் குடு... இல்ல வேணாம், நீயே சொல்லு. அப்ப எப்ப கூட்டியார வரட்டும்?”

அந்தப் பக்கம் நாகஜோதி கேட்டது எனக்கும் லேசாகக் கேட்டது.

“கூட்டியாந்து? பகல்ல யாரு மாமா இருப்பா?”

காசிமாயன் போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். “சரி, காசு போகப்போகுது, வச்சிரவா?” என்று நாகஜோதிதான் அங்கிருந்து கேட்டார். இவர் “ம்” என்றார்.

மாதம் ஒருமுறை, சம்பளம் வாங்கிய சனிக்கிழமை, உசிலம்பட்டிக்கு பஸ் ஏறுவார். ஞாயிறு ராத்திரி பஸ் பிடித்துத் திங்கட்கிழமை காலை எட்டரைக்குள் திரும்பிவிடுவார். குழி மூடிய பிறகு முதல்முறை போய்வந்த கதையை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். காலையில் எழுந்து, பழக்கத்தில் நாகஜோதியின் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கையைக் கொடுத்துத் திருப்பப் போயிருக்கிறார். அக்காவின் மூத்த மருமகள் ஓடி வந்து, “விடுங்க சின்ன மாமா, அப்பிடி இழுத்தா புதுத்தோலு பிஞ்சுரும். ஒங்களுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. நாங்க பாத்துக்கிறோம்,” என்று அவர் கையை விலக்கிவிட்டுத் தானே திருப்பினாளாம். அந்தப் பெண் சொன்னது சரிதான் என்றார் காசிமாயன். அவள் அழகாகத் திருப்பினாள், தலையணையைச் சரியான இடத்தில் வைத்தாள், துணி ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. தனக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை என்று கொஞ்ச நேரம் திண்டாடிக்கொண்டு நின்றுவிட்டு, மாலை பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிட்டாராம்.